அண்ணிக்குக் கட்டிய பயறு

கீர்த்தியின் இடுப்பில் பயறு முளைத்தபோது அவளுக்கு வயது இருபத்தொன்று, கல்யாணம் ஆகியிருக்கவில்லை. அது இரண்டாயிரத்துப் பன்னிரண்டு, ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை. பயறு அவளுடையதும் அல்ல, அண்ணி துர்காதேவியுடையது. பிள்ளையில்லாத பெண்கள் திருப்புட்குழி கோயில் குளத்தில் முழுகி, வறுத்து நனைத்துக் கொடுக்கும் பயறை மடியில் கட்டிக்கொண்டு படுப்பார்கள். விடிந்ததும் அது முளைவிட்டிருந்தால் பிள்ளை உண்டு. வறுத்த பயறு எப்படி முளைக்கும் என்று கேட்கிறவர்கள் அங்கே போவதில்லை. துர்காதேவிக்கு அப்போது கல்யாணமாகி ஆறு வருடம். பயறைக் கட்டி முடித்த பிறகு அவளுக்குக் கக்கூசுக்குப் போக வேண்டியிருந்தது. சாமி பயறோடு அங்கே போகக் கூடாது, அதைத் தரையிலும் வைக்கக் கூடாது. "கொஞ்சம் உன் இடுப்புல சொருகிக்கம்மா, வந்து வாங்கிக்கிறேன்" என்று துணைக்கு வந்திருந்த நாத்தனாரிடம் கொடுத்துவிட்டுப் போனாள். திரும்பி வந்தவள் நாள் முழுக்கப் பட்டினி கிடந்த களைப்பில் தூணில் சாய்ந்து அப்படியே தூங்கிவிட்டாள். அவளை எழுப்ப கீர்த்திக்கு மனம் வரவில்லை. நல்ல மனசு சில சமயம் செய்கிற கெடுதலை விரோதிகூடச் செய்ய மாட்டான். விடிந்தபோது அத்தனை பயறும் முளைத்திருந்தது. அதில் ஒன்று கீர்த்தியின் தோலில் வேர் பிடித்திருந்தது.

அன்றிலிருந்து தினமும் காலையில் அவள் இடது இடுப்பிலிருந்து ஒரு சாண் கொடி தழைத்து வந்தது. வெட்டினால் வலிக்காது, முடி வெட்டுகிற மாதிரிதான். சென்னையில் தோல் டாக்டர் ஒருவர் களிம்பு எழுதிக் கொடுத்தார். அதைத் தடவியதில் இலை கொஞ்சம் பளபளப்பானது. வெட்டும் வேலையை துர்காதேவி வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆறு மணிக்கெல்லாம் ஜரிகை கத்தரிக்கிற கத்தரிக்கோலோடு நாத்தனாரின் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவாள். "இது என்னுதும்மா, வழி தப்பி உங்கிட்ட வந்துடுச்சு, ஒரு நாளைக்கி எங்கிட்டயே வந்துடும்" என்பாள். வெட்டியதைத் தொட்டியில் நட்டுப் பார்த்தாள், ஒன்றும் வேர் பிடிக்கவில்லை. குப்பையில் போட்டதைத் தின்ற எதிர்வீட்டு ஆடு மூன்று குட்டி போட்டது. அதைக் கேள்விப்பட்டுக் கொடியைக் கூட்டு வைத்து ஒரு மண்டலம் சாப்பிட்டாள். வயிற்றுப்போக்குதான் மிச்சம். கல்யாணமாகாத பெண்ணுக்குப் பயறு முளைத்த செய்தி அவர்கள் குடியிருந்த பிள்ளையார்பாளையம் முழுக்கப் பரவ ஒரு வாரம் ஆயிற்று. ஊர் வாயை உலைமூடியால் மூட முடியுமா? பெண் பார்க்க வந்த பத்தொன்பது வீட்டாரும் பஜ்ஜியைச் சாப்பிட்டுவிட்டு, பயறு முளைத்தது நிஜமா என்ற ஒரே கேள்வியைக் கேட்டார்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அண்ணன் குமரகுரு தறியில் உட்கார, கீர்த்தி பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு இழை ஓட்டும் நாடாவைத் தள்ளிக் கொடுத்தாள். எவளெவளோ கட்டிக்கொள்ள முகூர்த்தப் புடவை நெய்தே முப்பத்தைந்து வயதானது.

கடைசியில் அவளுக்கு அமைந்த மாப்பிள்ளை உதயகுமாரின் கதை அதைவிடப் பழையது. அவனுக்குப் பன்னிரண்டு வயதானபோது, பாலாற்றில் மணல் அள்ளிய பள்ளத்தில் அவன் அம்மா மூழ்கிப்போனாள். அன்றைக்கே தண்ணீர் அவன்மேல் படுவதை நிறுத்திக்கொண்டது. கொள்ளி வைத்துவிட்டு வந்தவனைத் தலை முழுக வைக்க அப்பா நமச்சிவாயம் குடம் குடமாகக் கொட்டினார். தண்ணீர் ஒரு முழம் தள்ளி வளைந்து தரையில் விழுந்தது. குடிக்கிற தண்ணீர் மட்டும் எப்படியோ உள்ளே போயிற்று. கொள்ளி வைத்தவன் முழுகாவிட்டால் தீட்டு கழியாது. எனவே செவிலிமேட்டில் அந்த வீட்டுக்கு இருபத்தேழு வருடமாக இன்னும் பதினாறாம் நாள் முடியவில்லை. பண்டிகை கிடையாது, கோயில் கிடையாது, நல்ல காரியத்துக்கு யாரும் அழைப்பதும் கிடையாது. சாயப்பட்டறைக்காரர் பிள்ளை சாயத்தொட்டி அருகே போனால் தொட்டி வற்றியது. கடைசியில் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலைக்குப் போனான். மழை நாளில் கம்பெனி பஸ்ஸில் அவன் பக்கத்து சீட்டுக்குப் போட்டி இருக்கும். அந்த ஒரு மரியாதைதான் அவனுக்கு ஊரில்.

இரண்டு வீட்டையும் தெரிந்த தரகர் வேலாயுதம் எட்டு வருடத்துக்கு முன்பே இந்த ஜோடியைச் சொன்னார். அவன் பக்கத்தில் இருந்தால் கொடி பட்டுப்போகும் என்பது சின்னக் குழந்தைக்கும் புரிகிற கணக்கு. துர்காதேவி அன்றைக்கு அவர்மேல் செம்பை வீசினாள். கொடி பட்டுப்போனால் அவள் எதை நம்பி விடியலில் எழுந்திருப்பாள்? போன தை மாதத்தோடு அவளுக்கு மாதத் தூரம் நின்றுபோயிற்று. நாற்பத்திரண்டு வயதுதான். டாக்டரம்மா சில பேருக்கு அப்படித்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். மூன்று மாதம் பார்த்துவிட்டு, சோறு போடும்போது புருஷனிடம் சொன்னாள்: "இனிமே எதுக்குங்க? அந்த செவிலிமேட்டுப் பையன வரச் சொல்லுங்க." குமரகுரு தட்டைப் பார்த்தபடியே தலையாட்டினான்.

அவர்கள் வந்த ஞாயிற்றுக்கிழமை, இருவரையும் மொட்டைமாடியில் பத்து நிமிடம் பேச விட்டார்கள். உதயகுமார் படியேறி வந்ததும் காயப்போட்டுச் சொட்டிக்கொண்டிருந்த துணிகள் விறைத்துக் காய்ந்தன. கீர்த்தியின் இடுப்பில் காலையில் வெட்டிய அடிக்காம்பு சுருங்கியது. முதல் தடவையாக அவளுக்கு அங்கே வலித்தது.

"எம் பக்கத்துல இருந்தா அது காஞ்சிடும்" என்றான் அவன். "சொல்லியிருப்பாங்க."

"அதுக்குத்தான உங்கள வரச் சொன்னாங்க."

"அப்பறம் கொழந்தன்னு ஒண்ணும் இருக்காது. பின்னாடி நான் மறைச்சிட்டேன்னு ஆகக் கூடாது பாருங்க."

கீர்த்தி காய்ந்த துணியொன்றை உருவித் தோளில் போட்டாள். "பதினாலு வருஷமா எல்லாரும் என் இடுப்பையே பாத்துக்கினு இருக்காங்க. நீங்க வந்ததுலருந்து என் மூஞ்சியத்தான் பாக்கறீங்க."

"வேற எங்க பாக்கறதுன்னு தெரியல" என்றான் உதயகுமார்.

இதைக் காதல் என்று யாரும் எழுதிவிட வேண்டாம். வேறு கதவு எதுவும் திறக்காது என்று இருவருக்கும் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். கீழே வந்து சரி என்றார்கள். இருபத்தேழு வருடத் தீட்டு போதும் என்று வேலாயுதம் தாமே ஒரு சாத்திரம் சொல்லி முடித்துவைத்தார்.

நிச்சயதார்த்தம் வைகாசியில், பெண் வீட்டில். அன்று காலை துர்காதேவி கொடியை வெட்டவில்லை. பதினோரு மணிக்குள் அது முழங்கால் வரை இறங்கி, நுனியில் மஞ்சளாக ஒரு பூ பூத்தது. அது பூத்து யாரும் அதுவரை பார்த்ததில்லை. துர்காதேவி அதைத் தொடாமல் குனிந்து பார்த்தாள். பிறகு கொடி நசுங்காமல் நாத்தனாருக்குப் பட்டுப்புடவை கட்டிவிட்டு, அவளைக் கூட்டிக்கொண்டுபோய் மாப்பிள்ளை பக்கத்தில் தானே உட்காரவைத்தாள். தாம்பூலத் தட்டு மாற்றுவதற்குள் புடவைக்குள்ளிருந்து சருகு உதிரத் தொடங்கியது. துர்காதேவி குனிந்து அதைக் கையால் கூட்டி முந்தானையில் எடுத்துக்கொண்டு, வாசற்படிக்குப் போய் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று சொந்தக்காரர்கள் சொல்லிக்கொண்டார்கள்.

கீர்த்திக்கும் அழுகை வந்தது. அண்ணிக்காகவும் அழத் தோன்றியது, தனக்காகவும்தான். கண்ணில் ஊறியது இமையோரத்திலேயே காய்ந்து உப்பாகி நின்றது, ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. "பொண்ணு எவ்ளோ தைரியமா இருக்குது பாருங்க" என்று ஒரு அம்மாள் மெச்சினாள். உதயகுமாருக்கு மட்டும் விஷயம் தெரிந்தது. அவன் அம்மாவுக்காக அழ முயன்று பார்த்தவன்.

"கொஞ்சம் தள்ளிப் போனா வரும்" என்றான் மெதுவாக. "எட்டடி போதும்."

"உங்க வீட்ல பின்கட்டு எவ்ளோ தூரம்?"

"கூடத்துலருந்து பத்தடி இருக்கும்."

கீர்த்தி மனதுக்குள் அளந்து பார்த்துக்கொண்டாள். சரி என்று தலையாட்டினாள். கல்யாணத்தை ஆவணியில் வைத்தார்கள்.