வன மேலாளர்

மகேந்திரன் ஈப்போவில் முப்பது வருடம் காப்புறுதி விற்றவர். ஓய்வு பெற்றபின் விற்க ஒன்றுமில்லாததால் கருத்துகளை இலவசமாகவே வழங்கிவந்தார். சுங்காய் பக்கத்தில் அப்பா வாங்கிப்போட்ட ஐந்து ஏக்கர் ரப்பர் நிலம், பால் வெட்ட ஆளில்லாமல் பல பத்தாண்டுகளாகக் கிடந்தது. மரங்களைத் தள்ளிச் செம்பனை நட, காடழிக்கும் வேலையைக் குத்தகைக்கு எடுக்கும் கார்த்திகேசு செவ்வாய்க்கிழமை இயந்திரத்தோடு வருகிறார். பாக்கி இருந்தது தங்கை புனிதாவின் கையெழுத்து மட்டும். நிலத்தில் பாதி அவள் பேரில்.

"தள்ளிட்டா தள்ளினதுதான் அண்ணே. நிமிர்த்தி வைக்க முடியாது" என்று அவள் இழுத்துக்கொண்டிருந்தாள்.

அவளை மடக்கத்தான் மகேந்திரன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தார். குடும்பக் காடு வைத்திருப்பவர்கள் அதை என்ன செய்வது என்று முடிவெடுக்க உதவும் இணையதளமாம். ஏதோ குளிர் நாட்டுக்காரர்கள் செய்தது. கேள்விக்குப் பதில் அழுத்தினால் கடைசியில் ஆலோசனை வரும்.

"இனிமே என்னைத் தோட்டக்காரன்னு நெனைக்காதே புனிதா. வன மேலாளர். இதுல அப்படித்தான் கூப்பிடுறான்."

"சரிங்க மேலாளரே, டீ ஆறுது."

பனிப்பொழிவால் கிளைகள் முறிந்ததுண்டா என்று தளம் கேட்டது. மகேந்திரன் கண்ணை மூடி யோசித்து, 'எப்போதாவது' என்பதை அழுத்தினார்.

"சுங்காயில பனியா?"

"கேமரன் மலையில குளிருதுல்ல? பக்கந்தானே லா."

எத்தனை வகை மரங்கள்? ஒன்று. நெருக்கமாக நிற்கின்றனவா? இல்லை, அங்கொன்றும் இங்கொன்றும். உடனே பதில் வந்தது: உங்கள் காடு நலிந்துவிட்டது, அகற்றிப் புதிதாக நடலாம். தீர்ப்பு வாசிக்கும் நீதிபதியின் குரலில் அதை அவர் இரண்டு தடவை வாசித்தார்.

புனிதாவுக்கு ஒன்று மட்டும் உறுத்தியது. "போன தடவை பட்டப்பகல்ல ஹென்போன் லைட் அடிச்சுக்கிட்டுதானே நம்ம நிலத்துக்குள்ள போனோம்? மரமே கம்மின்னா, அந்த இருட்டு எங்கேருந்து வந்துச்சு?"

வன மேலாளர் மடிக்கணினியை மூடினார். ஞாயிற்றுக்கிழமை இருவரும் சுங்காய்க்குக் காரெடுத்தார்கள்.

உள்ளே போனதும் புனிதா அண்ணாந்து பார்த்தாள். வானம் துணுக்குத் துணுக்காகத்தான் தெரிந்தது. "அண்ணே, இது என்ன?"

"அது பெத்தாய். சமைக்கிற காய்."

"மரம்தானே?"

"பால் வருமா?"

"வராது."

"அப்ப அது காடு. ரப்பர் நெரையில நிக்கிறதுதான் மரம். அப்பா அப்படித்தான் எண்ணுவாரு."

அப்பா தோட்டத்தில் பால் வெட்டியவர்; விடிகாலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுத்து, தன் நிரையின் மரங்களை எண்ணியே பிழைத்தவர். பால் தராத எதுவும் அவர் கணக்கில் ஏறவில்லை. மகனும் அதே எண்ணிக்கையைக் கொண்டுபோய்க் குளிர் நாட்டுக்காரர்களிடம் ஒப்பித்திருக்கிறார். புனிதாவுக்குச் சிரிப்பு வந்தது; உடனே கூச்சமும் வந்தது. இத்தனை நாள் அவளும் இதைக் காடு என்று சொல்லித்தானே கடந்துபோயிருக்கிறாள்.

இருவரும் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத ஒரு மரம். பட்டையிலிருந்து நேராகப் பூத்த இன்னொன்று. இறக்கை முளைத்த காய்களைச் சுழலவிட்ட வேறொன்று. தின்னத் தெரிந்த பெத்தாயையும் ஜெரிங்கையும் தாண்டியதும் இருவருக்கும் பேர் தெரியவில்லை. "இது?" என்று அவள் கேட்கக் கேட்க, மகேந்திரனின் பதில்கள் சுருங்கிக்கொண்டே வந்தன.

உள்ளே போனுக்கு லைன் கிடைக்கவில்லை. பெரிய ரோட்டுக்கு வந்து, காருக்குள் உட்கார்ந்து புனிதா அதே கேள்விகளுக்கு மறுபடி பதில் போட்டாள். பனி, இல்லை. நெருக்கம், மிக அதிகம். வகைகள், பல. என்னென்ன வகை? 'தெரியாது'.

திரையில் வந்ததை அவள் சத்தமாகப் படித்தாள்: "உங்களிடம் இருப்பது என்னவென்று தெரியும்வரை எதையும் வெட்டாதீர்கள்."

மகேந்திரன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கார்த்திகேசுவை அழைத்தார். "தம்பி, செவ்வாய்க்கிழமை வர வேணாம். இதையெல்லாம் ஆராயாம செய்யக்கூடாதுன்னு என் தங்கச்சிகிட்ட ஆரம்பத்திலேருந்து சொல்லிக்கிட்டு வாரேன்."

புனிதா ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள். காட்டிலிருந்து எடுத்துவந்த இறக்கைக் காயை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இது என்ன மரமா இருக்கும் அண்ணே?"

அவர் அதை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, வெகுநேரம் ஆராய்ந்தார்.

"ரப்பர் இல்ல" என்றார் வன மேலாளர். "அது மட்டும் உறுதி."