மேல் கையா, கீழ்க் கையா

1
இந்தக் கதை கிடைத்தது, இரவல் போன டிரில்லிங் மெஷினைத் திரும்ப வாங்கப் போன இடத்தில். போனவன் உள்ளே நுழையாமல் கொட்டகை ஓரமாகவே நின்று ஒட்டுக்கேட்டேன். வெட்கமெல்லாம் இல்லை, எழுதுகிறவனுக்கு அது கட்டுப்படியாகாது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: அக்டோபர் மூடுபனியில் எங்கள் குடா ஒரு...

(ஒரு என்ன? உவமை தேடியே பொழுது போயிற்று. குடா பாட்டுக்கு இருக்கட்டும்.)

2
பக்கத்து வீட்டு ஆர்டன் கொட்டகைச் சுவரில் படகு தாங்கி அடித்துக்கொண்டிருந்தான். சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் சட்டங்களைக் கை என்போம். கைமேல் பழைய கம்பளத் துண்டு, படகு கீறாமலிருக்க. அவனுக்கு ஒரு கயாக், ஒற்றை ஆள் துடுப்புப் படகு; மனைவி வெர்னாவுக்கு ஒரு கயாக். கல்யாணத்திலிருந்து இரண்டும் சேர்ந்தேதான் தண்ணீரில் இறங்கும். அவள் படகுக்கு இடுப்புயரத்தில் கை வைத்தான். தன்னுடையதற்குத் தலைக்கு மேலே, உத்தரத்தை ஒட்டி.

(ஆர்டனை நம்புவதா? ரசமட்டம் வைத்து இவ்வளவு நேர்த்தியாக அடிக்கிறவனுக்குக் கை நடுங்குமா? நடுங்கியது, பார்த்தேன். வர வர அதிகமாகிறது. நோயின் பெயரை எழுதப்போவதில்லை.*)

* எழுதினால் இது நோயின் கதையாகிவிடும். இது தாங்கியின் கதை.

3
அவ்வளவு உயரத்திலிருந்து எப்படி இறக்குவாய் என்று வெர்னா கேட்டதற்கு, மேலே வைத்தால் எலி ஏறாது என்று சமாளித்தான். ஆளுக்கொரு முனையாக அவன் படகைத் தூக்கினார்கள்.

எங்கள் கரையில் படகைச் சூரியன் போகும் பக்கமாக, வலஞ்சுழியாகத்தான் திருப்புவோம். எதிர்ப்பக்கம் திருப்பினால் போனவன் வீடு திரும்பமாட்டான் என்பார்கள். குடித்திருந்தாலும் கை தானாக அந்தப் பக்கம்தான் போகும். கொட்டகை வாசலில் ஆர்டன் எதிர்ப்பக்கம் திருப்பினான்.

வெர்னா அப்படியே நின்றுவிட்டாள்.

"எந்தப் பக்கம் திருப்புற நீ?"

"எந்தப் பக்கமா இருந்தா என்ன. இது இனிமே எங்க போகப்போகுது."

மூடுபனி கொட்டகைக்குள்ளேயே வந்துவிட்டது. சுவர் தெரியவில்லை, தாங்கி தெரியவில்லை. படகு மட்டும் அந்தரத்தில் மிதந்தது. அதன் ஒரு முனையிலிருந்து அவள் குரல்:

"அப்போ என்னோடதையும் மேலயே ஏத்திடு. தனியாப் போக எனக்கென்ன பைத்தியமா?"

மெஷினைக் கேட்காமலே வந்துவிட்டேன்.

4
முடிவு ஒன்று: மேலே ஏற்றுகிறார்கள். பனி விழுகிறது, உருகுகிறது, இரண்டு படகும்... அழுகை வந்தது, கிழித்தேன்.

முடிவு இரண்டு: மேல் கையைக் கழற்றி, அவள் படகுக்குப் பக்கத்திலேயே தாழ்வாக அடிக்கிறான். இது என் ஆசை. ஆர்டன் இன்னும் சம்மதிக்கவில்லை.

ஆகவே அவர்கள் இப்போதும் வாசலில்தான் நிற்கிறார்கள், பாதி திரும்பிய படகோடு. வெர்னா தன் முனையை விடமாட்டாள். அவனுக்குக் கை நடுங்கத் தொடங்கிவிட்டது. எழுதிக்கொண்டிருப்பதால் எனக்குக் கை ஒழியவில்லை. நீங்கள் கொஞ்சம் அவன் பக்கத்தில் போய்ப் பிடியுங்கள். எந்தக் கையில் வைப்பது என்பது இனி உங்கள் மூவர் பாடு. திருப்பும்போது மட்டும் பக்கம் பார்த்துத் திருப்புங்கள்.