இரண்டு கமே

1933இல் ஒரு ஜப்பானியக் கப்பல் இயந்திரம் கெட்டு, போர்ட் லூயி துறைமுகத்தில் மூன்று வாரம் நின்றது. அதன் சமையற்காரர் மொரிதா தினமும் காய்கறி வாங்கத் துறைமுகத்தை ஒட்டிய ரோஷ் புவா என்ற ஊருக்கு நடந்தே வந்துவிடுவார். அங்கே காமாட்சிக்கும் அவள் கணவன் கோபாலனுக்கும் கொஞ்சம் நிலம் இருந்தது. பாதியில் கரும்பு, பாதியில் முள்ளங்கியும் கத்தரியும்.

காமாட்சி வீட்டில் பேசுவது அந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோல், கோயிலில் பாடுவது தமிழ். மொரிதாவுக்கும் அவளுக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை ஆங்கிலம் ஒன்றுதான். அவள் அதை ஐந்தாம் வகுப்புவரை படித்திருந்தாள். அவர் துறைமுகம் துறைமுகமாகப் பொறுக்கியிருந்தார். ஜப்பானியச் சொற்களுக்கு ஆங்கிலத்தில் பொருள் சொல்லும் சிறு புத்தகம் ஒன்று அவர் சட்டைப்பையில் இருந்தது. காமாட்சிக்கு அதன்மேல் ஆசை விழுந்துவிட்டது. தினம் ஐந்து சொற்களைக் கோயில் பாட்டு நோட்டின் கடைசிப் பக்கங்களில் தமிழெழுத்தில் எழுதிக்கொள்வாள். களை பறிக்கும்போது வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பாள்.

இரண்டாவது வாரம் ஒருநாள் மொரிதா கைகளை அகல விரித்து, “நாளைக்கு ரெண்டு கமே வேணும். பெரிசு. உள்ளே காய்கறி போகணும்,” என்றார்.

நோட்டில் ‘கமே: ஆமை’ என்று இருந்தது. ஆமை காய்கறி தின்னும். கேட்டதில் தவறொன்றும் தெரியவில்லை. வேலிக்கு அப்பால் மீனவர் ஆல்பெரின் முற்றத்தில் இரண்டு பெரிய தரையாமைகள் இருந்தன. காமாட்சி போய்க் கேட்டாள்.

“கப்பல்காரங்களுக்கா? அறுத்துத் தின்னுடுவாங்க!” என்று ஆல்பெர் பதறினார். “பாட்ரிக்கையும் மார்லெனையும் தரமாட்டேன், மாதாம்.”

“தின்ன இல்ல, மிசியே. காய்கறி போட்டு வளர்க்கத்தான் கேக்குறாரு.” சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கும் அது நிச்சயமில்லை.

“அப்படின்னா நானும் வரேன். அந்த ஆள் கையில கத்தியைப் பார்த்தா அப்பவே வண்டியைத் திருப்பிடுவேன்.”

மறுநாள் காலை நாலு பேர் தூக்கி ஆமைகளைக் கோபாலனின் மாட்டு வண்டியில் ஏற்றினார்கள். வண்டி கப்பலருகே போய் நின்றதும் மொரிதா இறங்கி வந்தார், கையில் காய் நறுக்கும் கத்தியோடு. ஆல்பெர் ஒரே அலறலாக அலறி, பாட்ரிக்கின் முதுகின்மேல் குப்புறப் படுத்துக்கொண்டார்.

மொரிதா ஆமைகளைப் பார்த்தார்; ஆல்பெரைப் பார்த்தார். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் புத்தகத்தை எடுத்து விரலால் காட்டினார். கமே: ஆமை. அதற்கடுத்த வரி, கமே: ஜாடி. காமாட்சி முதல் வரியை மட்டும் எழுதியிருந்தாள். அவர் கேட்டது முள்ளங்கி ஊறப்போட ஜாடி!

“முதலெழுத்தைத் தூக்கிச் சொன்னா ஆமை. ரெண்டாவதைத் தூக்கினா ஜாடி,” என்று அவர் இரண்டையும் சொல்லிக் காட்டினார்.

“என் காதுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேட்டுச்சு,” என்றாள் காமாட்சி. முகம் சிவந்துபோயிருந்தது.

அதற்குள் மாலுமிகள் கூடிவிட்டார்கள். அவர்கள் ஊரில் ஆமை நீண்ட ஆயுளுக்கு அடையாளமாம். வரிசையில் நின்று ஓட்டைத் தடவிப் போனார்கள். கேப்டனே மார்லெனுக்கு முட்டைக்கோஸ் இலை ஊட்டினார். ஆல்பெர் எழுந்து சட்டையைத் தட்டிவிட்டு, பத்து வருஷம் கூட்டியே ஆமைகளின் வயதைச் சொன்னார்.

காமாட்சி வீட்டிலிருந்த இரண்டு ஊறுகாய் ஜாடிகளைக் கழுவிக் கொடுத்தனுப்பினாள். அன்று முதல் ஒவ்வொரு சொல்லுக்கும், “வேற அர்த்தம் இருக்கா?” என்று கேட்காமல் விடமாட்டாள். ‘ஹனா’ பூவுமாம், மூக்குமாம். அவள் பதிலுக்கு ‘மாலை’யைச் சொல்லிக் கொடுத்தாள்: கழுத்தில் போடுவது ஒன்று, பொழுது சாய்வது ஒன்று.

“உங்க பாஷையும் இப்படித்தானா!” என்று மொரிதா நிம்மதியாகச் சிரித்தார்.

கப்பல் புறப்பட்ட அன்று ஒரு ஜாடி நிறைய உப்பில் ஊறிய முள்ளங்கி வீட்டுக்கு வந்தது. கோபாலன் ஒரு துண்டை வாயில் போட்டு வெகுநேரம் மென்றான்.

“நல்லாத்தான் இருக்கு. பாவம், மிளகாய் போட மறந்துட்டாரு,” என்று சொல்லி, மிளகாய் பறிக்கத் தோட்டத்துக்குப் போனான்.