காற்றை அளக்க வாங்கிய கடன்

கணேசமூர்த்தி சொர்ணத்துக்குத் தர வேண்டியது ஆயிரத்து எண்ணூற்று எழுபது ரூபாய். கட்டிய பெண்டாட்டியிடம் பட்ட கடன் என்பதால் வட்டி கிடையாது. வட்டிக்குப் பதிலாகப் பேச்சு உண்டு. சோறு போடும்போது ஒரு பேச்சு, குழம்பு ஊற்றும்போது ஒரு பேச்சு.

கடன் வந்த கதை இது. ஹெப்பகோடி தாண்டி இருந்த தன் நிலத்தை மேடும் பள்ளமுமாக வெட்டிப் போட்டு, தடித்த சக்கரம் வைத்த ஐந்து வண்டிகளை அதில் ஓட விட்டிருந்தார் கோவிந்தப்பா. போர்டில் ஏ.டி.வி. என்று இருக்கும். சொர்ணம் அதைத் தவளை வண்டி என்பாள். வாரமெல்லாம் எலக்ட்ரானிக் சிட்டியில் நாற்காலியைத் தேய்த்தவர்கள் லீவு நாளில் வந்து, காசு கொடுத்துக் குலுங்கிவிட்டுப் போவார்கள். வண்டிகளைப் பார்த்துக்கொள்வது கணேசமூர்த்தியின் வேலை. பெருக்குவதும் கழுவுவதும் டீ போடுவதும் சொர்ணத்தின் வேலை.

தவளை வண்டி டயருக்கு அதிகக் காற்று ஆகாது. பைக்குக்கு வைப்பது போல முப்பது பவுண்டு வைத்தால் டயர் கல்லாகி, மேட்டில் ஏறும்போது ஆளைத் தூக்கி எறியும். ஐந்து வைத்தால் போதும், மண்ணைக் கவ்விக்கொண்டு போகும். ஆனால் அந்த ஐந்தைப் பார்க்கச் சாதாரண கேஜ் உதவாது, பத்துக்குக் கீழே அதன் முள் படுத்துத் தூங்கும். அதனால் கணேசமூர்த்தி சிவாஜிநகர் கடைத்தெருவுக்குப் போய், கொஞ்சக் காற்றையும் காட்டுகிற கேஜ் ஒன்றை வாங்கி வந்துவிட்டான். பணம், சொர்ணம் சீட்டுக் கட்ட அரிசி டப்பாவுக்குள் வைத்திருந்தது. கேட்டுவிட்டு எடுத்திருக்கலாம். கேட்டிருந்தால் கிடைத்திருக்காது.

"காத்து ஓசில வருது. அத்த அளக்க ஆயிரத்து எண்ணூத்தி எழுபது ரூபாயா? இன்னாயா, தங்கமா அளக்கப் போற?"

"ஓனராண்ட கேட்டு வாங்கித் தரேன்மே."

"அவரு குடுப்பாரு. நீ வாயத் தொறந்தாத்தானே!"

அவனும் வாயைத் திறக்காமல் இல்லை. கோவிந்தப்பா முன்னால் போய் நின்று வாயைத் திறப்பான். "டீ குடிக்கிறீங்களாணா?" என்று வரும்.

இப்படியே ஆயுத பூஜை வந்தது. வண்டிகளைக் குளிப்பாட்டி, மாலை போட்டு, வாசலில் வாழை மரம் கட்டி, பூசணிக்காய் உடைத்து, ஒவ்வொரு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியாயிற்று. ஐந்து வண்டியும் கல்யாண வீட்டுக் குத்துவிளக்கு மாதிரி மின்னின. "சொர்ணம்மா கழுவினா கழுவினதுதான்!" என்று கோவிந்தப்பாவே சொல்லிவிட்டார். அவருடைய பெண்டாட்டி காந்தா ஒரு புடவையும் வைத்துக் கொடுத்தாள்.

பூஜை போட்ட வண்டியில் முதல் சுற்று முதலாளிதான் போக வேண்டும் என்பது கோவிந்தப்பாவின் வழக்கம். மறுநாள் காலையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். மேடு ஏறும்வரை மகாராஜா. இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தார், வண்டி நிற்கவில்லை. இன்னும் அழுத்திப் பிடித்தார், வண்டி சட்டையே செய்யவில்லை. பாதை முடிவில் கட்டியிருந்த கயிற்றை அறுத்து, வாசல் வாழை மரத்தைச் சாய்த்து, மாட்டுக் கொட்டகைப் பக்கம் இருந்த வைக்கோல் போரில் மூக்கை நுழைத்துத்தான் நின்றது. உள்ளேயிருந்து, தலையெல்லாம் வைக்கோலாகக் கோவிந்தப்பா வெளியே வந்தார்.

"ஏனப்பா மூர்த்தி! பிரேக்கையும் சேர்த்து சாமிக்குப் படைச்சுட்டியா?"

"அடி கிடி பட்டுச்சாணா?"

"மானத்துலதான் பட்டுது. கேளு, பத்து மணிக்கு அம்ருதா மேடம் ஆபீஸ் ஆளுங்க வர்றாங்க. வண்டி ஓடலன்னா திருப்பி அனுப்பணும். அப்படி ஆச்சுன்னா நான் வேற மெக்கானிக் பார்த்துக்குவேன். அப்புறம் மனசுல பேஜார் பண்ணிக்காதே."

கணேசமூர்த்தி வண்டியை வைக்கோலிலிருந்து பின்னால் இழுத்தான். வேலை போனால் அதோடு குடியிருக்கும் ஷெட்டும் போகும்.

பிரேக் லீவரைப் பிடித்துப் பார்த்தான். கெட்டியாகத்தான் இருந்தது. குழாயில் காற்றுப் புகுந்திருந்தால் பஞ்சு மாதிரி அமுங்கியிருக்கும். பிரேக் ஆயிலும் கோடு வரை நின்றது. பிரேக் பேடு தேய்ந்திருக்குமோ என்றால், போன மாதம் மாற்றியது. ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, உள்ளே இருந்த வட்டத் தட்டை விரலால் தொட்டான். வழுக்கிக்கொண்டு போனது. விரலை மூக்கருகே கொண்டுபோனான்.

தேங்காய் எண்ணெய். அதில் வெந்தயம், கறிவேப்பிலை. கல்யாணமான நாளிலிருந்து பக்கத்துத் தலையணையில் வருகிற அதே வாசனை.

"சொர்ணம்! இங்க வாமே."

துடைப்பத்தோடு வந்தாள். "இன்னா?"

"இந்தத் தட்டுல இன்னா தேச்ச?"

"ஏன், நல்லா மின்னலையா?" அவள் முகத்தில் பெருமை பொங்கியது. "எல்லாம் பளபளன்னு இருக்கு, இது மட்டும் மங்கிப்போய் இருந்துச்சு. சாமி வண்டியாச்சேன்னு என் தலைக்கு வச்சிருந்த எண்ணெய எடுத்து அழுத்தித் தேச்சேன். கண்ணாடி மாதிரி ஆயிடுச்சுய்யா!"

"இந்த ஒரு வண்டிக்கா?"

"ஒண்ணுக்குச் செஞ்சிட்டு மத்ததுக்குச் செய்யலன்னா சாமி குத்தம் ஆகாதா? அஞ்சுக்கும்தான்."

கணேசமூர்த்தி கழற்றிய டயர் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

"அந்தத் தட்ட ரெண்டு பேடு புடிச்சாத்தாம்மே வண்டி நிக்கும். எண்ணெய் தேச்சா எத்தப் புடிக்கும்? ஓனரு வைக்கோல்ல போய் வுழுந்தாரே, அது உன் கைவேலை."

சொர்ணத்தின் கையிலிருந்த துடைப்பம் கீழே விழுந்தது. அவள் பேச்சற்று நின்றதை அன்றுதான் அவன் பார்த்தான். அதை ரசிக்கத்தான் நேரமில்லை.

"அழுவாத. போய் சோப்புத் தண்ணியும் சுத்தமான துணியும் எடுத்துனு வா."

அவள் தட்டுகளைத் தேய்த்துக் கழுவிக் காயவிட, அவன் பிரேக் கழுவுகிற ஸ்ப்ரே அடித்துத் துடைத்தான். எண்ணெய் குடித்த பேடுகளைத் துடைத்துப் பயனில்லை, ஊறினது ஊறினதுதான். கையிருப்பில் இருந்த புதுப் பேடு மூன்று வண்டிக்குத்தான் வந்தது. மற்ற இரண்டையும் ஓரம் கட்டினான். பிறகு மூன்றையும் மெதுவாக ஓட்டுவதும் நிறுத்துவதுமாகப் பேடைத் தட்டோடு பழக்கினான். கடைசியில் ஒவ்வொன்றாக அதே மேட்டில் ஏற்றி, அதே இறக்கத்தில் விட்டான். சொர்ணம் கண்ணை மூடிக்கொண்டாள். மூன்று முறையும் வண்டி உறுமிக்கொண்டு திரும்பக் கட்டிய கயிற்றுக்கு முன்னால் நின்றது.

அதற்குள் கோவிந்தப்பா குளித்துவிட்டு வந்தார். "நிக்குதா? சபாஷ்! என்ன ஆச்சு அதுக்கு?"

"தட்டுல எண்ணெய் பட்டிருக்குணா."

"எண்ணெயா? எங்கிருந்து வந்துது?" கீழே கிடந்த துணியை எடுத்து முகர்ந்தார். கணேசமூர்த்தி மெல்ல நாலடி பின்னால் நகர்ந்தான். அவன் தலையிலும் அதே எண்ணெய்தான்.

"கறிவேப்பிலை வாசனை வருதே..." கோவிந்தப்பா யோசித்தார். சொர்ணம், "அண்ணா, அது வந்து..." என்று ஆரம்பித்தாள்.

"ஷ்ஷ்! சொல்லாதம்மா, புரிஞ்சுபோச்சு." அவர் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "காந்தா! நேத்து வடை சுட்டுட்டு அதே கையோட வந்து வண்டியெல்லாம் தொட்டுத் தொட்டுக் கும்பிட்டா. அவகிட்ட போய் இதை யாரு சொல்றது? நான் சொல்ல மாட்டேன். நீங்களும் வாயத் தொறக்கக் கூடாது. தெரிஞ்சுதா?"

கணேசமூர்த்தி தலையை ஆட்டினான். வாயைத் திறக்காமல் இருப்பது அவனுக்குப் புதிதில்லை.

சரியாக அந்நேரம் பார்த்துக் காந்தா தட்டு நிறைய வடையோடு வந்தாள். "விழுந்து எழுந்து வந்திருக்கீங்க, சாப்பிடுங்க." கோவிந்தப்பா அவள் கையை ஒருமுறை, வடையை ஒருமுறை பார்த்துவிட்டு, பெருமூச்சோடு கடித்தார்.

பத்து மணிக்கு அம்ருதா மேடத்தின் ஆட்கள் வந்து இறங்கினார்கள். ஓரமாக நின்ற இரண்டு வண்டிகளைக் காட்டி, இவை ஏன் ஓடவில்லை என்று அந்த அம்மாள் கேட்டாள்.

"பூஜை முடிச்ச வண்டிங்க மேடம். விஜயதசமிக்கு அதுங்களுக்கும் லீவு" என்றார் கோவிந்தப்பா.

முதல் ஆட்கள் ஹெல்மெட் மாட்டிக்கொண்டிருந்தபோது, சொர்ணம் கணேசமூர்த்தியின் சட்டைப் பையிலிருந்த கேஜைத் தானே உருவினாள். அவன் செய்வதைப் பார்த்துப் பார்த்துப் பழக்கம்தான். சக்கரம் சக்கரமாகக் குனிந்து வைத்துப் பார்த்தாள். வைக்கோலில் போய் முட்டிய வண்டிக்கு வந்ததும் நின்றாள்.

"யோவ், இதுல மூணுதான் காட்டுது. அந்தப் பக்கத்துல அஞ்சு. இப்படியே ஓட்டினா ஒரு பக்கமா இழுக்காது?"

"இழுக்கும்."

டயரில் காற்று அடிக்கிற வாய்ப் பக்கம் ஒரு வைக்கோல் துணுக்கு செருகிக்கொண்டு காற்று கசிந்திருந்தது. அதை எடுத்துவிட்டுக் காற்று அடித்தான். அவள் மறுபடி வைத்துப் பார்த்தாள். முள் ஏறி ஐந்தில் வந்து நின்றது. கேஜை முந்தானையால் துடைத்தாள். எண்ணெய் எதுவும் தேய்க்கவில்லை. அவன் பையில் திரும்பப் போட்டாள்.

கணேசமூர்த்தி வாயைத் திறந்தான். "சொர்ணம், அந்த ஆயிரத்து எண்ணூத்தி எழுபது ரூபா... இந்த மாசம் எப்படியாச்சும் ஓனராண்ட..."

"எந்த ரூபா?" என்று கேட்டுவிட்டு, சொர்ணம் டீ போடப் போனாள்.