கையால் திருகிய பிளக்

அன்பரசனின் புல்லட்டைத் தள்ளிக்கொண்டு அவன் மகள் பிரிசில்லா பட்டறை வாசலில் வந்து நின்றபோது தன்சீல் அகமது கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தான். ஒன்பது வருஷமாக எந்த வண்டி தன் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று வேண்டிக்கொண்டிருந்தானோ, அதே வண்டி. டேங்க் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. ஹெட்லைட்டில் கண்ணாடி இல்லை. காற்று இறங்கிய சக்கரத்தோடு அந்தப் பெண் பாதி ஆம்பூரைத் தாண்டித் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறாள். மூச்சு வாங்குகிறது, முகத்தில் மட்டும் சிரிப்பு.

“மாமா, இத எப்படியாச்சும் ஓட வச்சுக் குடுங்க. கல்லறைத் திருநாளுக்குள்ள வேணும்.”

“இன்னாத்துக்கும்மா இது இப்போ? பழைய இரும்பு. போட்டுட்டு ஒரு ஸ்கூட்டி வாங்கிக்கயேன்.”

“அப்பா வண்டி மாமா.” அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? “காயில் போயிருக்கும்னு எங்க ஷூ கம்பெனில ஒருத்தர் சொன்னாரு. புதுசு போட்டுடுங்க. அம்மாவ இதுல உக்கார வச்சு அப்பா கல்லறைக்குக் கூட்டிட்டுப் போவணும். ஒன்பது வருஷமா அம்மா கல்லறைத் தோட்டத்து கேட்டுக்கு உள்ள காலு வைக்க மாட்டேங்குது.”

ஏன் வைக்கமாட்டேன் என்கிறாள் என்று தன்சீல் கேட்கவில்லை. ஊருக்கே தெரிந்த கதை அது.

அன்பரசன் டேனரியில் தோல் ஊறவைக்கும் டிரம் ஓட்டியவன். தன்சீலுக்கு உயிர் தோஸ்த். ஒரு ஐப்பசி மாலையில் அவனுக்கும் பெண்டாட்டி சவுரியம்மாளுக்கும் சண்டை. பெரிய சண்டையும் இல்லை, மைத்துனன் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னாடியே போவதா வேண்டாமா என்பதுதான். சவுரியம்மாளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “போறதுன்னா அப்படியே போய்த் தொலை, திரும்பி வராத” என்றாள். எந்த வீட்டில்தான் இதைச் சொல்வதில்லை? அவன் கொட்டுகிற மழையில் புல்லட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினான். பாலாற்றுப் பாலத்தில் லாரி அடித்துவிட்டது.

“நடு ரோட்டுல வண்டிய நிறுத்திட்டு, பக்கத்துல குந்திக்கினு இருந்தான் சார். எவ்ளோ ஹாரன் அடிச்சும் நவுரல” என்று போலீஸில் சொன்னான் லாரி டிரைவர். அந்தப் பாலத்தில் ஓரம் என்று ஒன்று இருக்கிறதா, ஒதுங்கி நிற்க? அதை யார் யோசித்தார்கள்! சாகத்தான் போய் உட்கார்ந்தான் என்று ஊர் ஒரே நாளில் முடிவு கட்டிவிட்டது. பாழாய்ப்போன ஊர் வாய்! சவுரியம்மாளும் அதையே நம்பினாள். தன் வாய்தான் அவனை அனுப்பிவைத்தது என்று நம்பினாள். வருஷா வருஷம் பாலத்துக்கு அக்கரையில் இருக்கும் கல்லறைத் தோட்டத்து கேட்டுவரை வருவாள், மெழுகுவர்த்தியை மகள் கையில் கொடுப்பாள், வெளியே நின்றுவிடுவாள்.

தன்சீலுக்கு வேறொரு கதை தெரியும். முழுதாகத் தெரியாது. தெரிந்துகொள்ளாமல் தப்பித்துக்கொண்டே இருந்தான் என்பதுதான் சரி.

காயில் என்பது பெட்ரோல் டேங்குக்கு அடியில் இருக்கும் கையகல உருளை. பாட்டரியின் சின்னக் கரண்டைப் பெரிதாக்கி, ஒரு வயர் வழியாகப் பிளக்குக்கு அனுப்பித் தீப்பொறி விழவைப்பது அதுதான். அந்த வயர் நுழையும் வாயில், மழைத்தண்ணீர் இறங்காமல் ஒரு ரப்பர் தொப்பி இருக்கும். வண்டிக்கு வயசானால் ரப்பர் வெடித்துவிடும். புதியது அப்போது லேசில் கிடைக்கவில்லை. இதுவோ தோல் ஊர். குழாய் சொட்டினால் தோல் வாஷர், கதவு அடித்துக்கொண்டால் தோல் பட்டை. தன்சீலும் தோலில் தொப்பி தைத்தான். அன்பரசன்தான் டேனரியிலிருந்து நீலத்தோல் கொண்டுவந்து கொடுத்தான். குரோம் தண்ணீரில் ஊறி, சாயம் ஏறாமல் நீலமாகவே இருக்கும் தோல். அதைக் காயவைத்து, மெழுகு தடவி, நெருக்கித் தைத்து மாட்டினால் பார்க்க அத்தனை லட்சணம். முதல் தொப்பி அன்பரசன் வண்டிக்கு.

“நம்ம வண்டிக்குத் தொப்பி போட்டாச்சு. இனிமே மழை வந்தா எனக்கின்னா?” என்று அவன் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தான். ஒரே மாசத்தில் இன்னும் முப்பது வண்டிகள் வரிசையில் வந்து நின்றன. தன்சீலுக்குத் தலைகால் புரியவில்லை.

அன்பரசன் செத்த அதே வாரம், மழையில் நின்றுபோன இரண்டு வண்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். இரண்டிலும் தோல் தொப்பி. தன்சீல் வாயைத் திறக்கவில்லை. சும்மா ஒரு செக்கப் என்று சொல்லி ஒவ்வொரு வண்டியாக வரவழைத்து, முப்பதையும் கழற்றி அடுப்பில் போட்டான். முதலில் தைத்தது மட்டும் அவன் கைக்கு எட்டவில்லை. கேஸ் முடியும்வரை வண்டியோடு போலீஸ் ஸ்டேஷனிலும், பிறகு சவுரியம்மாளின் கொட்டகையில் தார்ப்பாய்க்குள்ளும் கிடந்தது.

அதிலிருந்து மழை வந்தால் அவனுக்கு ஒரு புல்லட் வருகிற சத்தம் கேட்கும். தட் தட் தட்டென்று சீராக வரும். ஒரு அடி தவறும். இன்னொரு அடி தவறும். பட்டறை வாசலுக்கு வந்ததும் நின்றுவிடும். எட்டிப் பார்த்தால் தெருவில் ஈ காக்காய் இருக்காது. பட்டப்பகலில்தான் இதெல்லாம். பெண்டாட்டி ஓதி ஊதிய கயிற்றைக் கொண்டுவந்து கட்டிவிட்டாள். கயிறு நைந்து அறுந்தது, சத்தம் அறவில்லை.

பிரிசில்லா வண்டியை விட்டுப்போன மறுநாள் காலை வேலையைத் தொடங்கினான். டேங்கை இறக்கினான். அங்கே இருந்தது தொப்பி, ஒரு தையல்கூடப் பிரியாமல். அதைத் தொடாமல் முதலில் பிளக்கைக் கழற்றப் போனான். ஸ்பானரை வைத்ததுமே அது வழுக்கிக்கொண்டு சுற்றியது. ஸ்பானரை எடுத்துவிட்டு விரலால் திருகிப் பார்த்தான். கையோடு வந்துவிட்டது.

பளபளவென்று இருந்தது. நெருப்பே படாத புதுப் பிளக். தன்சீலுக்கு அதை அடையாளம் தெரியும். ஆபத்துக்கு இருக்கட்டும் என்று துணியில் சுற்றி அன்பரசனிடம் கொடுத்தவனே அவன்தானே! டூல்பாக்ஸைத் திறந்தான். அதே துணியில், கரி அப்பிய பழைய பிளக் இருந்தது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். மழையில் வண்டி நின்றிருக்கிறது. அன்பரசன் பிளக்தான் போய்விட்டதென்று நினைத்து, பாலத்தில் குந்தி, பழையதைக் கழற்றி, புதியதைக் கையால் திருகியிருக்கிறான். ஸ்பானரால் முடுக்குவதற்குள் லாரி வந்துவிட்டது. சாகப் போகிறவனா இதைச் செய்வான்? “அட பாவி, என்னத் திட்டிக்கினேதான்டா பிளக் மாத்தியிருப்ப” என்று தன்சீல் வாய்விட்டு அழுதான்.

ஆனால் வண்டி ஏன் நின்றது? அதையும் இன்றைக்கே பார்த்துவிடுவதென்று எழுந்தான். நல்ல பாட்டரியை மாட்டி, பிளக்கை வயரில் செருகி, இன்ஜின் மேல் படுக்கவைத்துக் கிக்கரை மிதித்தான். பளீரென்று பொறி விழுந்தது. காயிலுக்கு ஒரு கேடும் இல்லை. ஒரு குவளைத் தண்ணீர் எடுத்துத் தோல் தொப்பியின் மேல் ஊற்றினான். ஊறட்டும் என்று காத்திருந்தான். ஷட்டரை இறக்கினான். பட்டறை இருட்டானது. மிதித்தான்.

பிளக்கில் பொறி இல்லை. மேலே, ஈரத் தொப்பியின் மீது, நூல் போல ஒரு நீல வெளிச்சம் ஊர்ந்து, வண்டியின் இரும்புக்குள் இறங்கி மறைந்தது. இன்னொரு தடவை மிதித்தான். மறுபடியும் அதே நீலம், அதே வழி. குரோமும் உப்பும் ஊறிய தோல். காய்ந்திருக்கும்வரை சாது, நனைந்தால் கரண்டைத் தானே குடித்துவிடுகிறது. ஈரத்தோலின் வாடை குப்பென்று எழுந்தது. இருட்டில், இன்ஜினுக்கு அந்தப் பக்கம், யாரோ குந்தியிருப்பது தெரிந்தது. யா அல்லா! தன்சீல் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. கண்ணை மூடிக்கொண்டே போய் ஷட்டரைத் தூக்கினான்.

புதுக் காயில் போட்டான். ரப்பர் தொப்பி போட்டான். பிளக்கை ஸ்பானரால் முடுக்கினான், இரண்டு தடவை. சவுரியம்மாளிடம் பிளக் விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். அதில் அவனுக்குச் சந்தேகமில்லை. தொப்பியைச் சொல்ல வேண்டுமா? காயில் போயிற்று என்று சொன்னால் முடிந்தது. அந்தப் பெண்ணே அப்படித்தானே சொன்னாள்? பழைய காயிலைப் பையில் போட்டுக்கொண்டான். தொப்பியை மட்டும் அடுப்பில் போட மனம் வரவில்லை, சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

கல்லறைத் திருநாளன்று மத்தியானம் தூறிக்கொண்டிருந்தது. வண்டியை ஓட்டிக்கொண்டு சவுரியம்மாள் வீட்டுக்குப் போனான். சத்தம் கேட்டுப் பிரிசில்லா ஓடிவந்தாள். சவுரியம்மாள் உள்ளேயே இருந்தாள்.

“வாங்க பாய். உக்காருங்க, டீ போடறேன்.”

“டீ இருக்கட்டும்மா. இதப் பாரு மொதல்ல.” இரண்டு பிளக்கையும் அவள் முன்னால் வைத்தான். “இந்தப் புதுசு வண்டியில இருந்துச்சு. வெறுங்கையால திருகினது, முடுக்கவே இல்ல. இந்தப் பழசு டூல்பாக்ஸுல. அவன் சும்மா குந்திக்கினு இல்ல தங்கச்சி. பிளக் மாத்திக்கினு இருந்தான். சாவப் போறவன் மழையில குந்திக்கினு பிளக் மாத்துவானா? வீட்டுக்கு வர்றதுக்குத்தான் மாத்தியிருக்கான்.”

அவள் புதுப் பிளக்கை எடுத்து உள்ளங்கையில் உருட்டினாள். புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். “நான் சொன்னதுக்குப் போவலயா? ஐயோ சேசுவே, நான் சொன்னதுக்குப் போவலயா?” பிரிசில்லா அம்மாவைக் கட்டிக்கொண்டு தானும் அழுதாள்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சவுரியம்மாள் கேட்டாள். “அப்ப வண்டி ஏன் பாய் நின்னுச்சு?”

“காயில் போச்சும்மா.”

வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது பொய். பழைய காயிலை எடுத்து வைத்தான். அவள் அதை வெறுப்போடு பார்த்து, ஒரு விரலால் தள்ளினாள். பிறகு கைகூப்பினாள். “நீங்க நல்லா இருக்கணும் பாய். உங்க புள்ளகுட்டிங்க நல்லா இருக்கணும்.” தன்சீலுக்கு நெருப்பின் மேல் நிற்பது போலிருந்தது. “வர்றேன்மா” என்று எழுந்தான்.

“இருங்க பாய்.” உள்ளே போய்ப் பீரோவைத் திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவள் கையில் காகிதத்தில் சுற்றிய ஒரு தோல் துண்டு. நீலத் தோல். “புதுசுக்கு உங்க தொப்பி போட்டீங்களா?”

“ரப்பர் போட்ருக்கேன்மா.”

“ரப்பர் எத்தினி நாளைக்கு? இது மீதித் தோலு. அடுத்த தொப்பிக்குன்னு அவருதான் எடுத்து வச்சாரு. இதுல ஒண்ணு தச்சு மாட்டிடுங்க பாய். புள்ள தெனமும் மழையில இதுலதான் வேலைக்குப் போவப் போவுது. உங்க தொப்பி இருந்தா எனக்குப் பயமில்ல.”

தோலைக் கையில் வாங்கினான். மழைக்காலத்துக் குளிரில் சில்லென்று இருந்தது. எதிரே பிரிசில்லா, அப்பன் ஜாடை அப்படியே. இனி எந்தச் சாக்கு இருக்கிறது அவனிடம்? சட்டைப்பையிலிருந்த பழைய தொப்பியை எடுத்துக் காயிலின் பக்கத்தில் வைத்தான்.

“காயில் போவலம்மா. காயில் நல்லாத்தான் இருக்கு. நான் பொய் சொன்னேன்.” தொப்பியை அவள் பக்கம் நகர்த்தினான். “இதான் நிறுத்துச்சு. நான் தச்ச தோல்தான். நனைஞ்சா கரண்ட இழுத்துக்குது, பிளக்குக்குப் போவ விடல. அவன் எத்தினி பிளக் மாத்தியிருந்தாலும் வண்டி கெளம்பியிருக்காது.”

வெளியே ஓட்டில் மழை வலுத்தது.

“எப்ப தெரியும் உங்களுக்கு?” என்றாள் சவுரியம்மாள்.

“அவன் செத்த வாரமே சந்தேகம். மத்த வண்டிங்கள்ல இருந்து எல்லாத்தையும் கழட்டிட்டேன். நேத்து முந்தா நாள்தான் கண்ணால பாத்தேன்.”

“ஏன் சொல்லல?”

“பயம்மா.”

“ஒன்பது கல்லறைத் திருநாளு பாய். கேட்டுக்கு வெளில நின்னேன், கொலகாரி மாதிரி. உள்ள போனா அவரு மூஞ்சியத் திருப்பிக்குவாருன்னு நின்னேன்.” அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம் என்றிருந்தது தன்சீலுக்கு. பிரிசில்லா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா என்று அவள் இனி கூப்பிடமாட்டாள் என்று தெரிந்துபோனது.

சவுரியம்மாள் எழுந்தாள். மெழுகுவர்த்திப் பொட்டலத்தை எடுத்து மடியில் செருகினாள். “வண்டிய எடு பிரிசில்லா.”

“மழை பெய்யுதும்மா.”

“பெய்யட்டும்.” வாசலில் நின்று திரும்பினாள். “நீங்களும் வாங்க பாய். எங்கிட்ட சொன்னா ஆச்சா? அங்க வந்து அவருகிட்ட சொல்லுங்க.”

முதல் மிதியிலேயே வண்டி கிளம்பியது. சவுரியம்மாள் பின்னால் உட்கார்ந்து மகளின் தோளைப் பற்றிக்கொண்டாள். அவனுக்கு அதில் இடம் இல்லை. தோல் துண்டும் தொப்பியும் கையில் இருக்க, மழையில் அவர்களுக்குப் பின்னால் நடந்தான். மழையில் ஊர்ந்துகொண்டே போன வண்டி, பாலத்துக்குத் திரும்பும் தெருமுனையில் மறைந்தது. சத்தம் மட்டும் அவனுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது.

பாலத்தின் தொடக்கத்தில் கால் நின்றுவிட்டது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். தட் தட் தட். இப்போது ஒரு அடி தவறும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். தவறவில்லை. பாலத்தைத் தாண்டி, அக்கரையில் கல்லறைத் தோட்டத்து வாசலில் பிரிசில்லா சாவியைத் திருப்பி அணைத்த பிறகுதான் சத்தம் நின்றது. சவுரியம்மாள் இந்நேரம் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போயிருப்பாள். தன்சீல் பாலத்தில் ஏறி நடந்தான்.