பின்னிருக்கையின் எடை

பந்தல் கம்பு நட இடம் வேண்டும் என்றார்கள். ஷைனி வண்டியை நகர்த்தப் போனாள். ஸ்டாண்டை எடுத்துவிட்டு, பழக்கத்தில் பின்னிருக்கையை உள்ளங்கையால் ஒருமுறை அழுத்தினாள். அது இறங்கவில்லை.

மறுபடியும் அழுத்தினாள். கல்லாக நின்றது.

வீட்டுக்குள் குளிர்பெட்டியில் அவள் தந்தை இம்மானுவேல் கிடந்தார். கும்மிடிப்பூண்டியின் உருக்காலை ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகள் ஒப்பந்தக் கூலியாக இரும்பு சுமந்த முதுகு அது. அந்த முதுகெலும்பில்தான் புற்றுநோய் குடியேறியது. இரும்பு போவதற்கு நாற்கரச் சாலை உண்டு. இரும்பைச் சுமந்தவன் போவதற்குச் சல்லியும் பள்ளமுமே உண்டு. வாராவாரம் ஊசிக்கு ஆஸ்பத்திரி போன ஷேர் ஆட்டோ, பாதிவழியில் புதுவாயலைத் தொடுவதற்குள் அந்த மனிதரை அலற வைத்தது. அதன் பிறகுதான், அவரைத் தன் பைக்கின் பின்னால் ஏற்றிப் போக, ஷைனி வண்டியைப் படித்தாள்.

படித்தாள் என்பது மிகையன்று. ஷிப்டு இடைவேளைகளில் கைப்பேசியில் பார்த்ததை, ஞாயிறுதோறும் கொக்கி ஸ்பேனரும் கையுமாக வாசலில் குந்திச் செய்து கற்றாள். பள்ளத்தின் அடியை வாங்கிக்கொள்வது ஸ்பிரிங். வாங்கிய அடியைத் திருப்பி அடிக்காமல் ஆற்றுவது குழாய்க்குள் இருக்கும் எண்ணெய். ஸ்பிரிங்கின் அடியில் ஐந்து படிகள் கொண்ட வளையம். பாரம் கூடினால் மேல்படி, குறைந்தால் கீழ்ப்படி. மேல்படியில் ஸ்பிரிங் இறுகும்; பாரமில்லாமல் இறுக்கினால் பள்ளத்தின் அடி அப்படியே முதுகுக்கு வரும். ஆள் ஏறியதும் வண்டி எவ்வளவு அமிழ்கிறது என்று நாடா பிடித்து அளந்தே படியை முடிவு செய்ய வேண்டும்.

"பொம்பள புள்ள கைல ஸ்பேனரா? இன்னா காலமோ" என்று எதிர்வீட்டு சுப்பராயன் சிரித்தார்.

"உன் முட்டிக்கும் சேத்து எண்ண ஊத்தி உடறேன், வா பெரிப்பா" என்றாள்.

முதல் மாதம் நான்காம் படி. பிறகு மூன்று. பிறகு இரண்டு. ஒவ்வொரு முறையும் வண்டி முன்னைவிடக் குறைவாகவே அமிழ்ந்தது. அவர் எவ்வளவு கரைகிறார் என்பது டாக்டருக்கு முன்பே அவளுக்குத் தெரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை. போன வாரம் வளையத்தை முதல் படிக்கு இறக்கினாள். அதற்குக் கீழே படி இல்லை.

இப்போது குனிந்து பார்த்தாள். வளையம் ஐந்தில் இருந்தது. இரண்டு பக்கமும்.

அண்ணன் ஜெரால்ட் தோளில் கம்போடு வந்தான்.

"இன்னா பாத்துகினு கீற? நவுத்து."

"ண்ணா, வண்டிய நீ எடுத்தியா?"

"முந்தாநேத்து. ரெண்டு மூட்ட சிமிட்டி ஏத்தியாந்தேன். நைனா கக்கூஸ்ல புடிச்சிகினு எழ ஒரு சின்ன செவுரு கட்லாம்னு. பாரம் வெச்சா டைட் பண்ணணும்னு நீதான சொல்லிக் குட்த்த, பண்ணேன். ஏன்?"

நேற்றுக் காலை தந்தைக்கு மூச்சு வாங்கியது. அள்ளி ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அழுத்திப் பார்க்கவில்லை, அளக்கவில்லை. பதினொரு கிலோமீட்டர். வண்டி தூக்கித் தூக்கிப் போட்டது. மழையில் சாலை இன்னும் கெட்டுவிட்டது என்று நினைத்தாள். மூன்று இடங்களில் "வலிக்குதா நைனா?" என்று கேட்டாள். மூன்று முறையும் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரே குரல்: "இல்லம்மா. மெத்த மாறி கீது. நீ செஞ்ச வண்டியாச்சே."

மாலை நான்கு மணிக்கு இறந்துபோனார்.

"கேக்குறன்ல ஷைனி. எதனா ஆயிச்சா?"

அவள் அண்ணனைப் பார்த்தாள். அழுது வீங்கிய முகம். நகக்கண்ணில் இன்னும் சிமெண்டு.

"ஒண்ணுமில்ல. கரெக்டாத்தான் வெச்சிகீற."

உள்ளிருந்து அம்மா ஆரோக்கியமேரியின் கம்மிய குரல் வந்தது. "ஃபாதர் மூணு மணிக்கு வந்துருவாரு. மால இன்னும் வர்ல. யார்னா போங்கடா."

ஷைனி சாவியை நீட்டினாள். "நீ ஓட்டு."

"நானா? நீதான் பின்னால குந்தவே மாட்டியே."

"இன்னிக்கு குந்துறேன்."

தந்தை அமர்ந்த இடத்தில் அமர்ந்தாள். தெருமுனையின் முதல் பள்ளம் இடுப்பில் இறங்கி முதுகு வழியே பல்வரை ஏறியது. அடுத்தது அதைவிடக் கடுமையாக ஏறியது. நோயில்லாத எலும்பு அவளுடையது. இருபத்தாறு வயது எலும்பு.

ஜெரால்ட் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்து வேகத்தைக் குறைத்தான். "ரோடு பேஜாரா கீது. மெல்லமா போவட்டா?"

"வேணா. நான் ஓட்டுற மாறியே போ."

புதுவாயல் கூட்டுரோட்டில் பூக்கடை வந்தது. அவன் வண்டியை ஒதுக்கினான்.

"இங்க நிக்காத" என்றாள். "ஆஸ்பத்திரி வரிக்கும் போய்ட்டு திரும்பு."

அவன் வண்டியை மறுபடி சாலைக்குத் திருப்பினான். எதிரே, லாரிகள் கிழித்துப்போட்ட சர்வீஸ் ரோட்டில் மழைநீர் தேங்கிக் கிடந்தது. ஷைனி இரண்டு கைகளாலும் பின்கம்பியைப் பற்றினாள். சத்தம் ஏதும் வெளியே வந்துவிடாதபடி வாயை இறுக மூடிக்கொண்டாள்.