ஏழாம் பக்கத்து இருட்டு

இருட்டைக் கண்டு பயப்படும் குழந்தைகளுக்காக ஒரு படப்புத்தகம். அதில் இருட்டு மட்டும் இருக்கக் கூடாது. பதிப்பகத்து எடிட்டரம்மா இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. நாசூக்கு தெரிந்தவர், மஞ்சள் சீட்டில் எழுதி ஒட்டினார். நட்டநடுப் பகலிலும் மூன்று டியூப்லைட் எரிகிற அறையில் உட்கார்ந்து எழுதினார்.

ஓவியக்காரிக்கு அது எட்டு மாத உழைப்பு. ஏழாம் பக்கம்தான் அவள் உயிர். கதையில் வரும் பையன் விளக்கை அணைத்ததும் வருகிற இருட்டு அது. கறுப்பின் மேல் கறுப்பாக ஆறு பூச்சு. ஒவ்வொன்றும் காய ஒரு நாள். சட்டென்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. பார்த்துக்கொண்டே இருந்தால் முதலில் நாற்காலி, அப்புறம் செருப்பு, கடைசியில் சுருண்டு படுத்த பூனை என்று ஒவ்வொன்றாக எழுந்து வரும்.

‘இருட்டு கொஞ்சம் தூக்கல். குழந்தைகள் பயப்படலாம்’ என்றது முதல் சீட்டு. புதிதாக ஒரு ஏழாம் பக்கம் நீலத்தில் வரைந்தாள், பையன் கட்டிலில் சுருண்டு அழுகிற மாதிரி. ஜன்னலில் நிலா இருந்தால் ஆறுதல் என்றார்கள், நிலா வந்தது. நிலா பாவம் தனியாக இருக்கிறதாம், நட்சத்திரங்கள் வந்தன. கட்டிலருகே சின்னதாக ஒரு விளக்கு எரியட்டுமே என்று நான்காவது சீட்டு வந்தது. ஆக, விளக்கை அணைத்த மகாவீரனின் தலைமாட்டில் இன்னொரு விளக்கு.

வீட்டில் கண்ணாடியைத் தேடி வந்த ஓவியக்காரியின் மாமியார் படத்தை எட்டிப் பார்த்தார். “ஏம்மா, இவ்வளவு வெளிச்சம் வந்தாச்சு, இந்தப் பய இன்னும் எழுந்திருக்கலையா?”

“அது ராத்திரி, அத்தை.”

“அப்படியா? நீ சொன்னா சரிதாம்மா.”

அச்சுக்கு முன்னால் மழலையர் வகுப்பு ஒன்றில் வாசித்துக் காட்டுவது பதிப்பகத்து வழக்கம். பிள்ளைகளுக்குப் பிடித்தால் அச்சுக்கு, இல்லாவிட்டால் அலமாரிக்கு. அந்த அலமாரிக்குள் போன புத்தகம் வெளியே வந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. ஓவியக்காரி பழைய ஏழாம் பக்கத்தையும் பையில் வைத்துக்கொண்டு போனாள், ஒரு துணைக்கு.

எடிட்டரம்மாவே வாசித்தார். ஏழாம் பக்கம் வந்ததும் கண்ணை உருட்டி, “ஐயோ, ஒரே இருட்டு!” என்றார்.

இருபது குழந்தைகளும் படத்தைப் பார்த்தார்கள். அவரைப் பார்த்தார்கள். மறுபடி படத்தைப் பார்த்தார்கள்.

“இருட்டு எங்க மிஸ்?” என்றாள் முன்பல் விழுந்த ஒருத்தி.

“இதோ பாரு, ராத்திரி. பையன் பயந்து அழறான்.”

“பயம் இல்ல மிஸ். வயித்து வலி.”

“ஆமா மிஸ், எங்க தம்பிப் பாப்பா இப்படித்தான் அழும்!”

“மருந்து குடுங்க மிஸ்!”

“வெந்நீர்!”

வகுப்பே வைத்தியத்தில் இறங்கிவிட்டது. எடிட்டரம்மா புத்தகத்தை மூடினார். “பரவாயில்லம்மா, கொஞ்ச நாள் அலமாரியில இருக்கட்டும்” என்றார், பெருந்தன்மையாக.

ஓவியக்காரி பையிலிருந்த கறுப்புப் பக்கத்தை எடுத்துக் குழந்தைகள் முன்னால் பிடித்தாள்.

சத்தம் நின்றது. பல் விழுந்தவள் மூக்கு இடிக்கும்வரை கிட்டே வந்தாள். “செருப்பு!” என்றாள் ரகசியமாக.

“எங்கடி?”

“அங்க பாரு, நாற்காலிக்குக் கீழ.”

“ஏய், பூனை! பூனைடா!”

தங்கள் வகுப்பின் இருட்டிலும் இப்படி ஏதாவது இருக்கிறதா என்று ஒருவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அந்த வகுப்பு டீச்சர் தடித்த திரைகளை இழுத்து விளக்கை அணைத்தார்.

“வேண்டாமே, எதுக்கு? குழந்தைங்க பயந்துடுவாங்க...” எடிட்டரம்மாவின் குரல் இருட்டில் நூலாக மெலிந்தது. “யாரது, என் கால்ல?”

“அது உங்க பை, மிஸ்.”

பல் விழுந்தவள் தடவித் தடவிப் போய் அவர் விரலைப் பிடித்துக்கொண்டாள். “கண்ணை மூடாதீங்க மிஸ். பாத்துக்கிட்டே இருங்க. கொஞ்ச நேரத்துல எல்லாம் வந்துடும்.”

வந்தது. முதலில் கரும்பலகை, பிறகு மேஜை, பிறகு இருபது சின்னத் தலைகள். விளக்கைப் போட்ட பிறகும் எடிட்டரம்மா அந்த விரலை விடவில்லை. யாரும் சிரிக்கவில்லை, அந்த நாகரிகம் ஐந்து வயதில்தான் இருக்கும்.

எடிட்டரம்மா கையோடு வாங்கிப் போன கறுப்புப் பக்கம் மறுநாள் உறையில் திரும்பி வந்தது. ஓவியக்காரி பிரித்தாள். ஒரே ஒரு மஞ்சள் சீட்டு. ‘இதுவே அச்சுக்குப் போகட்டும். நிலா வேண்டாம்.’

கீழே பொடி எழுத்தில் இன்னொரு வரி: ‘செருப்பை மட்டும் கட்டிலுக்குக் கொஞ்சம் கிட்டே வரையலாமா? இருட்டில் இறங்கும்போது தேட வேண்டியிருக்கிறது.’